அலமாரியின் நடுவில் எந்த மிக்-21?

மாடல் விமானம் சேர்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். அலமாரி முழுக்க உள்ளங்கை அளவு விமானங்களாக நிற்கும். நடுவில் ஒண்ணு மட்டும் பெரிசா, வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்து "இது என்ன ப்ளேன்?" என்று கேட்கிற மாதிரி இருக்கணும். அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. என் சேகரிப்பு இந்திய விமானப்படை ஜெட்கள் சார்ந்தது. அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும். ஆனால் முறை எல்லோருக்கும் பொருந்தும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

1:72 என்றால் நிஜ விமானத்தின் 72-ல் ஒரு பங்கு. 1:48 அதைவிடப் பெரிது. 1:32 இன்னும் பெரிது. மிக்-21எம்எஃப் விமானத்தின் நீளம், மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயையும் சேர்த்து, சுமார் 15.76 மீட்டர். 1:72-ல் அது 22 செ.மீ., 1:48-ல் 33 செ.மீ., 1:32-ல் 49 செ.மீ. இறக்கை அகலம் 7.15 மீட்டர், அதாவது 1:32-ல் 22 செ.மீ.

72-லிருந்து 32-க்குப் போனால் நீளம் 2.25 மடங்குதான் கூடுகிறது. ஆனால் பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பு அதன் வர்க்கம், சுமார் 5 மடங்கு. அடைக்கிற இடம் அதன் கனம், சுமார் 11 மடங்கு. சின்ன மாடலில் கண்ணுக்கே தெரியாத இணைப்புக் கோடு இங்கே பளிச்சென்று தெரியும். காக்பிட் உள்ளே வெறுமையாக விட முடியாது. பெரிய கிட் வாங்குவது என்பது நாலைந்து சின்ன கிட்டின் உழைப்பை ஒரே விமானத்தில் போடுவது.

இறக்கை சிறியதாக இருப்பதால் மிக்-21-க்கு இதில் ஒரு சாதகம் உண்டு. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் 222-வது ஸ்குவாட்ரன் சுகோய்-30எம்கேஐ விமானங்களோடு வந்ததிலிருந்து, தமிழ்நாட்டுக்காரர்கள் பலருக்கும் அதைச் செய்ய ஆசை. ஆனால் 1:32-ல் அது 68 செ.மீ. நீளம், 46 செ.மீ. அகலம். நம்ம வீட்டுச் சுவர் அலமாரியின் ஆழம் பெரும்பாலும் ஒரு அடிதான். சுகோய் அதில் நுழையாது. மிக்-21-ஐ பக்கவாட்டில் நிறுத்தினால் தாராளமாக நிற்கும்.

நல்ல கிட்டா, நம்ம கதையா?

1:32 ஜெட்களில் பெயர்பெற்ற கிட்கள் தமியா கம்பெனியின் எஃப்-14, எஃப்-15, எஃப்-16 வரிசை. பாகங்கள் அச்சாகப் பொருந்தும். ஆனால் இவற்றில் ஒன்றுகூட இந்திய விமானப்படையில் பறந்ததில்லை. தரம் மட்டும் போதும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தமியா வாங்கலாம். ஆனால் சேகரிப்புக்கு ஒரு பொருள் இருந்தால், நடுவில் நிற்பது அந்தப் பொருளைச் சொல்ல வேண்டும்.

இந்திய விமானப்படையைப் பொறுத்தவரை மிக்-21-ஐவிடப் பெரிய கதை இல்லை. 1963-ல் சண்டிகரில் 28-வது ஸ்குவாட்ரனில் தொடங்கி, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெற்றது. 62 வருஷம். 870-க்கும் மேற்பட்ட விமானங்கள். பெரும்பகுதி எச்ஏஎல் நிறுவனத்தின் நாசிக் தொழிற்சாலையில் தயாரானவை. நம்ம பக்கத்திலிருந்து பார்த்தால், கோவை சூலூரில் இப்போது தேஜஸ் பறக்கவிடும் 45-வது ஸ்குவாட்ரனும் ஒரு காலத்தில் மிக்-21 வைத்திருந்ததுதான். 'பறக்கும் சவப்பெட்டி' என்ற கெட்ட பெயரும் இதே விமானத்துக்குத்தான். விபத்துகளில் இளம் விமானிகள் நிறையப் பேர் போனார்கள். அதனால்தான் இதைப் பொம்மை மாதிரி நிறுத்திவைக்க எனக்கு மனசு வருவதில்லை. நிறுத்தினால் சரியாக நிறுத்தணும்.

ஒரே பெயர், நாலு விமானம்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'மிக்-21' என்பது ஒரு விமானம் இல்லை, ஒரு குடும்பம். இந்தியாவில் முக்கியமாகப் பறந்தவை இவை:

1. எஃப்எல், அதாவது டைப் 77. முதுகு ஒல்லி. இறக்கைக்கு அடியில் ஆயுதம் மாட்ட இரண்டே இடம். உடலுக்குள் பீரங்கி கிடையாது. 1971 போரின் விமானம் இதுதான். டிசம்பர் 14 அன்று டாக்காவில் கவர்னர் மாளிகை மீது ராக்கெட் வீசியவை இவை. இரண்டே நாளில் சரணடைதல் நடந்தது.

2. எம், எம்எஃப், அதாவது டைப் 96. முதுகு தடித்தது. இறக்கைக்கு அடியில் நாலு இடம். வயிற்றில் 23 மி.மீ. இரட்டைக்குழல் பீரங்கி. எச்ஏஎல் இந்த வகையின் தயாரிப்பைத் தொடங்கியது 1973-ல்.

3. பிஸ், அதாவது டைப் 75. முதுகு இன்னும் புடைத்தது. இதைப் புதுப்பித்ததுதான் பைசன். ரேடார் புதுசு, முன்கண்ணாடியும் சட்டம் இல்லாத ஒரே வளைவு. 2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் ஓட்டியது பைசன்.

4. யுஎம், அதாவது டைப் 69. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம்.

1:32-ல் டிரம்பீட்டர் கம்பெனி போட்டிருப்பவற்றில் நமக்கு உதவுவது இரண்டு: எம்எஃப், யுஎம். இனி கேள்வியே மாறிவிடுகிறது. "மிக்-21 பெரிய கிட் எது?" என்று கேட்காமல், "இந்தப் பெட்டிக்குள் இருக்கும் விமானம் எந்தக் கதையைச் சொல்லும்?" என்று கேட்கணும்.

எம்எஃப் கிட்டை வாங்கி 1971 டாக்கா என்று எழுதி வைத்தால் அது பொய். அந்த வகையின் உற்பத்தியே போர் முடிந்த பிறகுதான் நாசிக்கில் ஆரம்பம். அதே கிட்டில் அபிநந்தன் பெயரை ஒட்டினாலும் தப்பு. முதுகு வேறு, கண்ணாடி வேறு. யாருக்குத் தெரியப்போகுது என்று கேட்கலாம். ஆனால் சேகரிப்பு என்பதே தெரிந்துகொள்வதற்காகத்தானே. டாக்கா கதைதான் வேண்டும் என்றால் 1:32 ஆசையை விட்டுவிட்டு, 1:48-ல் எட்வார்ட் கம்பெனியின் பழைய தலைமுறை மிக்-21 கிட்களைப் பார்ப்பது நேர்மை.

அப்படியென்றால் எம்எஃப் எந்தக் கதைக்கு?

கார்கிலுக்கு. 1999 மே 27 அன்று நச்சிகேதா ஓட்டிய மிக்-27-ன் எஞ்சின் நின்றுபோய் அவர் பாராசூட்டில் குதித்தார். அவர் விழுந்த இடத்தைத் தேடி, ஏவுகணை ஆபத்து இருக்கிற பகுதி என்று தெரிந்தும் திரும்பிப் போகாமல் நின்றவர் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹூஜா. 17-வது ஸ்குவாட்ரன், 'கோல்டன் ஆரோஸ்'. அவருடைய விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அவர் உயிரோடு திரும்பவில்லை. மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவர் ஓட்டியது டைப் 96 குடும்பத்து மிக்-21.

டிரம்பீட்டர் பெட்டிக்குள் இருப்பதும் அதே குடும்பம். எம்முக்கும் எம்எஃப்புக்கும் முக்கிய வேறுபாடு எஞ்சினில்தான், வெளியே பெரிய வித்தியாசம் தெரியாது. கதையும் வகையும் கிட்டும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. நடுவில் வைக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் இடம் யுஎம்முக்கு. வகை துல்லியம் என்று மட்டும் பார்த்தால் அதுதான் பாதுகாப்பானது. மிக்-21 விமானி யாராக இருந்தாலும் முதலில் ஏறியது இரட்டை இருக்கையில்தான். மூன்றாம் இடம் ரெவெல் 1:32 ஹண்டர். லோங்கேவாலாவில் டாங்குகளை அடித்தவை ஹண்டர்கள். இந்திய எஃப்.56 வகைக்கு, வால் குழாய்க்கு மேலே பிரேக் பாராசூட் கூடு ஒன்றைச் சேர்த்தாகணும். இறக்கை 32 செ.மீ. என்பதையும் மறக்க வேண்டாம்.

நம்ம ஊர் சாரலும் பெயிண்டும்

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. தென்காசி, குற்றாலம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். குளிக்க சுகம், லாக்கர் பெயிண்டுக்கு எமன். லாக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. காய்ந்த பிறகு பார்த்தால் வெள்ளையாகப் புகை படர்ந்த மாதிரி நிற்கும். சின்ன மாடலில் துடைத்து மறுபடி அடிக்கலாம். 5 மடங்கு பரப்பில் அது பெரிய தண்டனை.

அதனால் வெட்டுதல், ஒட்டுதல், காக்பிட் வேலையெல்லாம் சாரலில் வைத்துக்கொண்டு, பெயிண்டை பிப்ரவரி முதல் மே வரைக்கும் தள்ளுங்கள். டீகால் தாள்களை சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். எஃப்எல் விமானங்கள் பல வெறும் அலுமினிய நிறத்தில் பறந்தவை. அந்தப் பூச்சில் ஒரு கீறல்கூட மறையாது. டைப் 96-க்குப் பச்சை-பழுப்பு மாதிரியான உருமறைப்பு நிறங்கள் என்பதால் நம்ம ஈரத்தில் கொஞ்சம் மன்னிக்கும்.

வாங்கும் முன் சரிபார்க்க

- அலமாரியின் ஆழம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து, அதே அளவில் அட்டை வெட்டி வைத்துப் பாருங்கள்.
- இந்தியச் சின்னங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 1:32-ல் வட்டங்களை மாஸ்க் வெட்டி பெயிண்டாகவே அடிக்கலாம். நடுவில் பச்சை, பிறகு வெள்ளை, வெளியே காவி.
- வால் எண் முக்கியம். ஒற்றை இருக்கை மிக்-21-க்கு 'சி', பயிற்சி விமானத்துக்கு 'யு', பைசனுக்கு 'சியு' என்று தொடங்கும். எழுத்து தப்பானால் வகையே தப்பாகிவிடும்.
- நிறத்துக்கு அந்த வருஷத்துப் படத்தைத் தேடுங்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானங்கள் பலமுறை மறுபூச்சு கண்டவை. அவற்றை நம்ப முடியாது.
- மூக்குக்குள் எடை வைக்காமல் ஒட்டி மூடாதீர்கள். வால் கனத்தால் மூக்குச் சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

கதை முதலில், வகை அடுத்து, கிட் கடைசியில். இந்த வரிசையில் போனால் பெட்டியின் அட்டைப்படம் நம்மை ஏமாற்றாது. "இது என்ன ப்ளேன்?" என்று யாராவது கேட்டால், "மிக்-21" என்பதோடு பதில் முடிந்துவிடாது. "டைப் 96, 17-வது ஸ்குவாட்ரன், 1999 மே" என்று சொல்லலாம். பிறகு அஹூஜாவைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசலாம்.