நீமோவின் பத்தாம் வயது

விஞ்ஞானக் கதை என்றதும் மாணவ நண்பர்களுக்கு யந்திரமே முதலில் நினைவுக்கு வரும். அந்த யந்திரத்தைச் செலுத்துகிறவனின் பிள்ளைப் பருவத்தையும் சற்று விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குத் தருமபுரியிலிருந்தே நாம் புறப்படலாம்.

தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் சீமை 1792-ஆம் ஆண்டு வரை திப்பு சுல்தானிடம் இருந்தது. அவ்வாண்டில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அது கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயிற்று. பாதி ராஜ்யம் போக, 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் திப்பு செலுத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிணையாக அவருடைய புதல்வர் இருவர் கார்ன்வாலிஸ் பிரபுவிடம் ஒப்புவிக்கப்பட்டனர். அப்துல் காலிக்குக்கு வயது ஏறத்தாழ 10, முயிசுத்தீனுக்கு 8. 1794-இல்தான் அவர்கள் தந்தையிடம் திரும்பினர். ராபர்ட் ஹோம் முதலிய ஆங்கில ஓவியர்கள் இக்காட்சியை விரும்பித் தீட்டினார்கள். அப்படங்களில் கார்ன்வாலிஸின் கருணை தெரிகிறது. அச்சிறுவர்களின் இரவுகள் தெரியவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன், 1869, 1870-ஆம் ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட நாவலில் நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலையும், நாடற்ற அதன் தலைவன் நீமோவையும் படைத்தார். நீமோவைப் போலந்துக்காரனாக்கவே அவர் முதலில் எண்ணினார். பதிப்பாளர் எட்ஸெல் இசையவில்லை. 1875-இல் நிறைவுற்ற ‘மர்மத் தீவு’ நாவலில்தான் அவன் யார் என்பது வெளிப்படுகிறது. அவன் புந்தேல்கண்டு அரசரின் மகன், தக்கார். திப்புவின் உடன்பிறந்தாருடைய பிள்ளை! இந்த உறவு சரித்திரத்துக்குப் பொருந்தாது. வெர்ன் அதைப் பொருட்படுத்தவுமில்லை.

ஆயினும் ஒன்று என்னை நிறுத்தி வைக்கிறது. தக்காரும் பத்தாம் வயதிலேயே வீட்டைவிட்டு அனுப்பப்படுகிறான். அடிமைப்பட்ட நாட்டைப் பின்னாளில் உயர்த்துவதற்காக ஐரோப்பாவில் கல்வி கற்க வேண்டும் என்பது தந்தையின் நோக்கம். மைசூர்ச் சிறுவர்கள் ராஜ்யத்தின் கடனுக்குப் பிணையானார்கள். இவனோ அதன் எதிர்காலத்துக்குப் பிணையானான். வெர்ன் அவர்களை எண்ணித்தான் இதை எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஓவியர்கள் விட்டுச் சென்ற இடத்தில் இக்கதை நுழைகிறது என்பேன்.

1857 கிளர்ச்சியில் தக்கார் பெற்றோரையும் மனைவி மக்களையும் இழக்கிறான். கற்ற விஞ்ஞானமெல்லாம் நாட்டிலஸாக உருவெடுக்கிறது. ஆனால் வெர்ன் அவனை மகாத்மாவாக்கவில்லை. முதல் நாவலின் இறுதிப் பகுதியில் அவன் ஒரு போர்க்கப்பலைப் பிளக்கிறான். மாலுமிகள் பாய்மரக் கயிறுகளைப் பற்றிக்கொண்டே மூழ்குகின்றனர். அதைப் பார்த்திருந்துவிட்டுத் தன் அறைக்குள் சென்று, ஓர் இளம்பெண்ணும் இரு குழந்தைகளும் உள்ள படத்தின்முன் மண்டியிட்டு விம்முகிறான். கதை சொல்லும் பேராசிரியர் அரோனாக்ஸ் அதைக் காண்கிறார். அதன் பிறகும் அவர் அக்கப்பலில் இருக்க விரும்பவில்லை. தப்பிச் செல்லவே துணிகிறார்.