விழியிழந்தோரும் வயல்வெளியும்

குஜராத் மாநிலத்துப் பான்சா கிராமத்தில் தேசியப் பார்வையற்றோர் சங்கம் 1960-இல் நிறுவிய டாட்டா வேளாண்மைப் பயிற்சி நிலையம், விழியிழந்தோரும் உழவு கற்கலாம் என்பதற்குச் சான்று. ஆயினும், "கிணற்றில் விழுந்துவிட்டால்?" என அஞ்சிப் பெற்றோர் பலர் பிள்ளையைத் திண்ணையிலேயே அமர்த்திவிடுகின்றனர். அவ்வச்சம் பொய்யன்று; ஆனால் அதற்கு வழியுண்டு. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், அதனை அணுகுமுன் காலுக்குத் தட்டுப்படும் சரளையும் போதும். அரிவாளுக்கு என்றும் ஒரே ஆணி. பார்வையற்றவர்முன் தடைக்கல் வைத்தலை மோசேயின் சட்டம் விலக்கியது. வரப்பில் நாம் போட்டுவிட்டு வரும் மண்வெட்டி வேறென்ன? மாட்டை நெருங்குமுன் குரல் கொடுக்கப் பழக்க வேண்டும். பூச்சிமருந்தை மோந்து அறியவிடுதல் ஆகாது. பூட்டியே வைக்க வேண்டும்.

நாம் பெரிதும் மறப்பது ஒன்றுண்டு. அவர்களுக்குச் செவியே காவல். மோட்டார் இரைகையில் அக்காவலும் போய்விடுகிறது. அவ்வேளையில் டிராக்டரை அவர்களருகே ஓட்டலாகாது.