மூளைக்குள் ஓடும் குழாய்கள்

போன தை மாதம் காலை ஆறு மணிக்கு என் அப்பத்தாவுக்கு வாய் கோணிக்கொண்டது. வலது கையைத் தூக்க முடியவில்லை. "காத்து பட்டிருக்கும், எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்"னு சொல்லி மத்தியானம் வரை வீட்டிலேயே வைத்திருந்தோம். பிறகுதான் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

உடனே சி.டி. ஸ்கேன். மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் அதில் வெள்ளையாகத் தெரியுமாம். கசிவு இல்லை, அடைப்புதான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடணும். கசிவு இருந்தால் போடவே கூடாது, அதனால்தான் முதலில் ஸ்கேன். எங்களுக்கு நேரம் தாண்டிவிட்டது.

ரத்தக்குழாய் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. 1927-ல் போர்ச்சுகல் டாக்டர் ஈகாஸ் மோனிஸ், கழுத்துக் குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து முதன்முதலாக மூளைக் குழாய்களைப் பார்த்தார். ஆனால் மண்டை ஓடு குறுக்கே மறைக்குமே! பிறகு அதற்கும் வழி கிடைத்தது. மருந்து செலுத்துமுன் ஒரு படம், செலுத்தியபின் ஒரு படம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எலும்பு மறைந்து குழாய் மட்டும் நிற்கும். நம்ம கழித்தல் கணக்குதான்!

இப்போது கை நரம்பில் மருந்து ஏற்றி, சி.டி.யிலேயே சில நிமிடத்தில் பார்த்துவிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் மருந்தே இல்லாமலும் பார்க்கலாம். பெரிய குழாயில் அடைப்பென்றால் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு வெளியே எடுக்கவும் முடியும். அப்பத்தாவுக்கு அடைத்தது சின்னக் குழாய்.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் மணியைக் குறித்துக்கொண்டு 108-க்கு போன் பண்ணுங்கள். அப்பத்தா இப்போது இடது கையால்தான் சாப்பிடுகிறது.