ராணுவத்தில் இருந்தவரா? உங்களுக்கு என்ன சலுகை... எங்கே கேட்கணும்? முழு விவரம்!

ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் பக்கம் பல வீடுகளில் ஒரு பழைய டிஸ்சார்ஜ் புத்தகம் பீரோவுக்குள் கிடக்கும். அப்பா ராணுவத்தில் இருந்தார், தாத்தா கடற்படையில் இருந்தார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால், அந்தப் புத்தகத்தை வைத்து மாதம் 8 ஆயிரம் ரூபாய் வாங்க முடியும் என்பது அந்த வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். யாருக்கு என்ன கிடைக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் முன்னாள் படைவீரர்?

தரைப்படை, கடற்படை, விமானப்படை. இந்த மூன்றில் பணிபுரிந்து விதிமுறைப்படி விடுவிக்கப்பட்டவர்தான் முன்னாள் படைவீரர். கடலோர ஊர்களில் ஒரு குழப்பம் உண்டு. சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவரையும் 'நேவி'னு சொல்வாங்க. அது வணிகக் கப்பல் பணி. இந்தச் சலுகைகள் அதற்குப் பொருந்தாது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகளும் இந்த வரையறைக்குள் வராது. தூத்துக்குடியில் நாம் அடிக்கடி பார்க்கும் கடலோரக் காவல்படையும் அப்படித்தான். ஆனால், கடலோரக் காவல்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை மட்டும் உண்டு.

பென்ஷனே இல்லாதவர்களுக்கு என்ன?

அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். ஜவான்களுக்குப் பென்ஷன் கிடைக்க பொதுவாக 15 ஆண்டு பணி வேண்டும். அதற்கு முன்பே வெளியே வந்தவர்களுக்குப் பென்ஷன் இருக்காது. 'பென்ஷன் இல்லை, அப்போ எதுவுமே இல்லை' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது தவறு.

ஹவில்தார் மற்றும் அதற்குக் கீழான பதவியில் இருந்து, பென்ஷனும் நிரந்தர வருமானமும் இல்லாமல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மத்திய அரசு வறுமை நிவாரண உதவி தருகிறது. அவர் இறந்திருந்தால் மனைவி கேட்கலாம். அவருக்கும் 65 வயது கடந்திருக்க வேண்டும். மாதம் 4 ஆயிரமாக இருந்த இந்தத் தொகை 8 ஆயிரமாக உயர்த்தப்பட்டுள்ளது. 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்குப் புதிய தொகை.

பிள்ளைகளின் படிப்பு, திருமணம்

இதே அறிவிப்பில் வேறு இரண்டு உதவிகளும் இரட்டிப்பாகின.

* கல்வி: ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, அதிகபட்சம் 2 பிள்ளைகளுக்கு, ஒருவருக்கு மாதம் 2 ஆயிரம் ரூபாய். முன்பு ஆயிரம். கணவரை இழந்தவர் 2 ஆண்டு முதுகலை படித்தாலும் உண்டு.
* திருமணம்: அதிகபட்சம் 2 மகள்களுக்கு, தலா 1 லட்சம் ரூபாய். முன்பு 50 ஆயிரம். கணவரை இழந்தவரின் மறுமணத்துக்கும் உண்டு.

இவை தவிர பிரதமரின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்வியில் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்களுக்கு மாணவி என்றால் மாதம் 3 ஆயிரம், மாணவர் என்றால் 2,500 ரூபாய். தகுதித் தேர்வில் குறைந்தது 60 சதவீத மதிப்பெண் வேண்டும்.

பென்ஷன் வாங்குபவர்கள் கவனிக்க

'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டம் 2014 ஜூலை 1-ஐ அடிப்படையாகக் கொண்டது. 5 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும். கடைசித் திருத்தம் 2024 ஜூலை 1 முதல். 80 வயதைத் தொட்டால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50 சதவீதம். 100 வயதானால் இரட்டிப்பு. பிறந்த தேதி ஆவணங்களில் தவறாக இருந்தால் இந்த உயர்வு நின்றுபோகும். அதனால அதை முன்கூட்டியே சரிபார்க்கணும்.

பென்ஷன்தாரர்களுக்கு 2003 ஏப்ரல் முதல் இ.சி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டமும் இருக்கிறது. மனைவிக்கும் அதில் சிகிச்சை கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க மறந்தால் பென்ஷன் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போதுதான் வெளியே வருபவர்களுக்கு?

35, 40 வயதில் வீடு திரும்புபவர்களுக்கு அடுத்த வேலைதான் பெரிய கேள்வி. மத்திய அரசின் குரூப் சி பணியிடங்களில் 10 சதவீதம், குரூப் டி பணியிடங்களில் 20 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு. வயது வரம்பிலும் சலுகை உண்டு.

சொந்தத் தொழில் என்றால் தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம். 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டு, 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. வங்கி மூலம் 1 கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம்.

அக்னிவீரர்களின் நிலை வேறு. 4 ஆண்டு முடிந்ததும் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி கிடைக்கும். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. ராணுவத்துக்குத் தயாராகும் தம்பிகள் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுப்பது நல்லது.

எங்கே போகணும்?

எல்லாவற்றுக்கும் முதல் படி, தூத்துக்குடியில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கு பதிவு செய்து அடையாள அட்டை வாங்கியிருக்க வேண்டும். கணவரை இழந்தவர்களுக்குத் தனி அட்டை. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை இருந்தால் அது, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்க.

போகும் முன் வீட்டிலேயே ஒன்றைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள மனைவியின் பெயர், ஆதாரில் உள்ள பெயர் இரண்டும் ஒன்றா? ஒன்றில் 'முத்துலெட்சுமி', இன்னொன்றில் 'லெட்சுமி' என்று இருந்தால்கூட சிக்கல்தான். கணவர் உயிரோடு இருக்கும்போது அவரே விண்ணப்பித்துத் திருத்துவது எளிது. அவர் போன பிறகு, அந்த ஒரு பெயருக்காக மனைவி மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆறுமுகநேரியில் இருந்து தூத்துக்குடி ஒரு பஸ் பயணம்தான். இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.