ஓரம் பிடித்து ஓடும் ஒளியும் பைராம் தோட்டத்துப் பிள்ளைகளும்

பத்து சென்டிமீட்டர் நீளக் கண்ணாடித் துண்டு. உள்ளே தேன்கூட்டு அடுக்கில், லேசரால் எழுதிய நுண்ணிய ஒளிப்பாதைகள். ஒவ்வொரு பாதையும் சென்டிமீட்டருக்கு ஒரு சுற்றாக முறுக்கிக்கொண்டு போகிறது. 2013-இல் இஸ்ரேலிய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதன் ஓரத்தில் சிவப்பு ஒளியைச் செலுத்தினார்கள். ஒளி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் நகர்ந்தது. ஓரத்தில் ஒரு பாதையை எழுதாமல் விட்டுப் பள்ளம் வைத்தும் பார்த்தார்கள். ஒளி பின்வாங்கவில்லை; பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. கண்ணாடிக்குள் கடக்கும் தூரமே இங்கே காலக்கணக்கு. அதனால் அந்த முறுக்கு, பாதைகளைச் சீரான தாளத்தில் ஆட்டிக்கொண்டே இருப்பதற்குச் சமம்.

பள்ளம் வந்தாலும் ஓரத்தை விடாத இந்த இயல்பை விளக்கும் கணிதம்தான் டோபாலஜி. அதை இயற்பியலில் பயன்படுத்தியவர்களுக்கு 2016-இல் நோபல் கிடைத்ததெல்லாம் தெரிந்த கதை. விஷயம் நம் பக்கத்துக்கே வந்துவிட்டது. 2020-இல் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகமும் ஒசாகா பல்கலைக்கழகமும் செய்த சிலிக்கன் சிப்பில், பத்துக் கூரிய திருப்பங்களைக் கடந்து நொடிக்கு 11 கிகாபிட் தகவல் பிழையின்றிச் சேர்ந்தது. அதில் முறுக்கும் ஆட்டமும் இல்லை; ஓடியதும் சிவப்பு ஒளி அல்ல, டெராஹெர்ட்ஸ் அலை. ஆனாலும் ஒரே குடும்பம்தான்.

பாயான் லெப்பாஸில் 1972-இலிருந்து சிப் வேலை செய்து கைதேர்ந்த மாநிலம் பினாங்கு. இப்போது பத்து காவானும் சேர்ந்துவிட்டது. சிப்புக்குள் ஒளி ஓடும் காலத்தில் இங்கே வேலை வரும். நம் பிள்ளைகளுக்கு எந்த வேலை? என் கவலை முழுக்க அங்கேதான்.

நிபோங் திபால் பக்கத்துப் பைராம் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தமிழ்ப்பள்ளி உண்டு. அதே வட்டாரத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் அட்டையில் துளை போட்டு, டார்ச் அடித்து, ஒளி நேர்க்கோட்டில் போகிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளை, நான்காம் படிவம் வந்ததும் இயற்பியலைக் கண்டு ஒதுங்குகிறது. “அது கஷ்டம்மா, சீக்கிரம் வேலைக்குப் போற வழியப் பாரு” என்பது வீட்டுப் பேச்சு.

பேக்டரி பஸ்தான் பல குடும்பங்களைத் தோட்டத்து லயத்திலிருந்து கரையேற்றியது என்பார்கள். மறுக்கவில்லை. அம்மா ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசில் படிக்கும் மகளும் அதே ஆப்பரேட்டர் நாற்காலியில் போய் உட்காருவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒளிப்பாதையை வரைகிற மேசையில் அவள் இருக்க வேண்டும். அதற்கு இயற்பியலும் கணிதமும் விடாமல் வேண்டும். இடையில் விட்டால் பிறகு பிடிப்பது பெரும்பாடு.

பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, மூன்றாம் படிவத்திலேயே, பிள்ளைகளைப் பெற்றோரோடு சேர்த்து அந்தப் பொறியியல் வளாகத்து ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போகலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை இது.