உங்களுக்குத் தெரியுமா? குறி தப்பாத ரைஃபிள்

போல்ட்டைத் திருகி இழுத்து, ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுடும் ரைஃபிளின் குறி எதனால் நேராகிறது, எதனால் பிசகுகிறது? காவிரிக் கரையிலும் அதன் அக்கம்பக்கத்திலும் இந்தக் கேள்விக்கு நிறைய விடை கிடைக்கிறது.

வழவழப்பே குறை
தஞ்சைக் கோட்டையின் கீழவாசல் பக்கம், பீரங்கி மேட்டில் கிடக்கும் இராஜகோபால பீரங்கிக்குச் சுமார் 25 அடி நீளம், ஏறத்தாழ 22 டன் எடை. 17ஆம் நூற்றாண்டில், இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானது. இது வார்ப்பு அல்ல. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, பழுக்கக் காய்ச்சிய வளையங்களை அவற்றின் மேல் ஏற்றி, அடித்து ஒட்டியிருக்கிறார்கள் கொல்லர்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்தும் துருவுக்குப் பெரிதாக இடம் கொடுக்காத வேலைப்பாடு! ஆனால் இப்படிப்பட்ட பீரங்கிகளின் உட்புறம் வழவழப்பானது. குண்டு குழலுக்குள் முட்டி மோதிக்கொண்டு வெளியேறும். கடைசியில் எந்தப் பக்கம் உரசியதோ, அதற்கேற்ப அதன் போக்கும் மாறும்.

கடலூரில் மறைந்த மேதை
அந்தப் போக்கு ஏன் மாறுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் பீரங்கிக் கலை பற்றி அவர் எழுதிய நூலை, பெரும் கணித மேதை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். உரசலால் சுழலும் குண்டு காற்றில் வளைந்து போகும் என்பதை நிறுவ, ராபின்ஸ் துப்பாக்கிக் குழலையே வளைத்துச் சுட்டுக் காட்டினார். சுருள் வரி வெட்டிய குழலை எந்த நாடு முதலில் கைக்கொள்கிறதோ அது மற்ற நாடுகளை விஞ்சும் என்று 1747இலேயே சொன்னார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நம் கரைக்கு வந்த அவர், 1751 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார்.

நொடிக்கு 2,900 சுற்று
நம் காவலர்கள் பல தலைமுறை சுமந்த ‘த்ரீ நாட் த்ரீ’ ரைஃபிளின் குழலுக்குள் ஐந்து வரிகள் இடப்பக்கமாகச் சுருண்டு போகின்றன. 10 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. குண்டு நொடிக்குச் சுமார் 744 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, நொடிக்கு ஏறக்குறைய 2,900 முறை சுழல்கிறது. இந்தச் சுழற்சிதான் குண்டைத் தலைகுப்புற விழாமல் மூக்கு முன்னே இருக்கும்படி நிறுத்துகிறது. வழவழப்பான குழலில் தற்செயலாக நேர்ந்த சுழற்சியை, வரி வெட்டிய குழல் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது.

ஒரே எண், ஒரே ஜோடி
இராணுவ ரைஃபிள்களில் துப்பாக்கியின் வரிசை எண்ணையே போல்ட்டிலும் பொறித்திருப்பார்கள். காரணம் இருக்கிறது. தோட்டாவின் அடியை அணைத்து நிற்கும் போல்ட்டுக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி, அந்த ஒரு ஜோடிக்கென்றே அளந்து சரிசெய்யப்பட்டது. வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டி இடைவெளி கூடிவிட்டால், தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்துக்கே திரும்பக்கூடும். ‘த்ரீ நாட் த்ரீ’யின் ஒரு வகையான ‘நம்பர் 4’ லீ என்ஃபீல்டில் இந்த இடைவெளியைச் சரிப்படுத்தவே பல அளவுகளில் போல்ட் தலைகள் செய்தார்கள்.

ஐப்பசி மழையும் மரக்கட்டையும்
சுடும்போது குழல் வீணைத் தந்தியைப் போல அதிரும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். அடைமழை ஈரத்தில் ஊறி, குழலைத் தாங்கும் மரக்கட்டை உப்பினால், நேற்று தொடாத இடத்தில் இன்று குழலைத் தொடும். உடனே குறி இடம் மாறும். இதனால்தான் துல்லிய ரைஃபிள்களில் குழல் கட்டையில் படாமல் தனித்து நிற்கும்படி விடுகிறார்கள். கட்டையையும் பலவற்றில் அலுமினியத்திலோ நாரிழைக் கலவையிலோ செய்கிறார்கள்.

வாய் விளிம்பில் ஒரு கீறல்
குண்டை விட்டுக் கடைசியாகப் பிரிவது குழலின் வாய் விளிம்பு. அங்கே ஒரு பக்கம் மட்டும் கீறலோ தேய்மானமோ இருந்தால், வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டைத் தள்ளிவிடும். துடைக்கும் கம்பியை வாய்ப்பக்கமிருந்து கவனமில்லாமல் நுழைத்து, நல்ல குழலைக் கெடுத்தவர்கள் உண்டு.

அக்னி நட்சத்திரமும் தோட்டாவும்
கத்திரி வெயிலில் காய்ந்த தோட்டாவில் வெடிமருந்து வேகமாக எரியும். குண்டின் வேகம் கூடும், விழும் உயரமும் மாறும். 100 மீட்டர் போவதற்குள் ‘த்ரீ நாட் த்ரீ’ குண்டைப் புவியீர்ப்பு சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. வேகம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். தேர்ந்த போட்டியாளர்கள் தோட்டாவை நிழலில் வைப்பது இதனால்தான்.

மூன்று குண்டு சான்றாகாது
மூன்று குண்டு ஒரே இடத்தில் பட்டதும் ‘குறி சரியாகிவிட்டது’ என்று முடிவு கட்டுவது தவறு. அது தற்செயலாகவும் அமையும். பத்து, இருபது குண்டுகள் சுட்டால்தான் சிதறலின் உண்மையான அளவு தெரியும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். இல்லையென்றால் எது பயன் தந்தது என்று தெரியாமலே போகும்.

திருச்சியின் ‘வித்வன்சக்’
இந்தியாவின் மிகப் பெரிய போல்ட் ரைஃபிள்களில் ஒன்று பிறப்பது திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில். 1966இல் தொடங்கிய இந்தத் தொழிற்சாலை உருவாக்கிய ‘வித்வன்சக்’, 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என மூன்று அளவுத் தோட்டாக்களைச் சுடும். குழல், போல்ட், தோட்டாப் பெட்டி, தொலைநோக்கி ஆகியவற்றை மாற்றினால் போதும். களத்தில் ஒரு நிமிடம் போல ஆகும். எடை 25 கிலோவுக்குக் குறையாது. உறுப்புகளைக் கழற்றி மாட்டியும் குறி கெடாமல் இருக்க, ஒவ்வொன்றையும் நுண்ணளவு பிசகாமல் கடைந்திருக்க வேண்டும். அத்தனை நுணுக்கம் நம் மண்ணின் தொழிலாளர் கைகளில் இருக்கிறது.

அரை மில்லிமீட்டர் புள்ளி
10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான். சுடும் ஈயக் குண்டோ 4.5 மில்லிமீட்டர்! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே பிரிவில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர்.

வீட்டில் கோத்தால் சிறை
அமெரிக்காவில் பலர் உறுப்புகளை வாங்கி வீட்டிலேயே ரைஃபிள் கோத்துக்கொள்கிறார்கள். இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்று வைத்திருக்கும் துப்பாக்கியின் பழுதையும் உரிமம் பெற்ற பட்டறையில்தான் பார்க்க வேண்டும். இந்தக் கண்டிப்பு நியாயமானது. போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி தவறினால், அது முதலில் பழிவாங்குவது சுடுபவரைத்தான். குறிபார்க்கும் ஆசை உள்ள இளைஞர்கள் அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளர் முன்னிலையில் ஏர் ரைஃபிளோடு தொடங்கலாம். நிற்கும் நிலை, மூச்சு, விசையை அழுத்தும் விரல் மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமையப் பழகுவதுதான் அங்கே முதல் பாடம்.