பிறந்த ஆற்றைத் தேடி

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். கதவைத் திறக்கும் முன்பே ஒரு வாசம்! "ஆ, அம்மா தோசை சுடுறா!" என்று சொல்லிவிடுவீர்கள். கண் பார்க்கவில்லை. மூக்கு சொல்லிவிட்டது.

இப்படி மூக்கை நம்பி ஊர் திரும்பும் ஒரு மீன் இருக்கிறது. அதன் பெயர் சாக்கை சால்மன்.

கனடாவின் மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஆடம்ஸ் ஆறு ஓடுகிறது. அங்கே கூழாங்கற்களுக்கு அடியில் இந்த மீன் முட்டையிலிருந்து வெளிவருகிறது. பக்கத்தில் உள்ள ஷுஸ்வாப் ஏரியில் குஞ்சு ஏறக்குறைய ஒரு வருடம் வளர்கிறது. பிறகு ஆறுகள் வழியாகப் பசிபிக் கடலுக்குப் போகிறது.

பெரும்பாலான மீன்கள் நான்காவது வயதில் திரும்புகின்றன. கடலிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தூரம் எதிர்நீச்சல்! ஆற்றுக்குள் வந்தபின் அவை சாப்பிடுவதே இல்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான் வழிச்சாப்பாடு. வெள்ளி நிற உடம்பு சிவப்பாகிறது. தலை பச்சையாகிறது.

சரி, வழி எப்படித் தெரியும்? ஒவ்வோர் ஆற்றின் மண்ணும் கல்லும் செடியும் வேறு. அதனால் தண்ணீரின் வாசமும் வேறு. சிறு வயதில் அறிந்த அந்த வாசத்தை மீன் மறப்பதில்லை.

வழியில் பிரேசர் ஆறு மிகவும் ஒடுங்கிப் பாயும் ஓர் இடம் உண்டு. அதன் பெயர் 'ஹெல்ஸ் கேட்'. 1913இல் அங்கே ரயில் பாதை போட்டபோது, உடைத்த பாறைகள் ஆற்றில் விழுந்தன. 1914இல் பெரிய பாறைச்சரிவும் ஏற்பட்டது. தண்ணீரின் வேகம் கூடியது. மீன்களால் மேலே ஏற முடியவில்லை. ஏராளமான மீன்கள் முட்டையிடாமலே செத்தன. அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் மீன்களைக் கூடைகளில் தூக்கி, பாறைகளுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். 1940களில் அங்கே மீன்களுக்காகவே தனி வழிகள் கட்டப்பட்டன. அவற்றில் தண்ணீர் மெதுவாக ஓடும். மீன்கள் இளைப்பாறி மேலே போகலாம்.

இலையுதிர் காலத்தில் மீன்கள் ஆடம்ஸ் ஆற்றை அடைகின்றன. பெண் மீன் வாலால் குழி தோண்டி, ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. பிறகு கற்களால் மூடுகிறது. சில நாட்களில் தாயும் தந்தையும் இறந்துவிடுகின்றன.

"ஐயோ, பாவம்!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இறந்த மீன்களைக் கரடிகளும் கழுகுகளும் உண்கின்றன. மிச்சம் தண்ணீருக்கு உரமாகிறது. அந்த உரத்தால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அடுத்த வசந்தத்தில் பிறக்கும் குஞ்சுகளுக்கு அவற்றால் உணவு கிடைக்கிறது. தாய் இல்லை, ஆனால் தாய் வைத்துவிட்டுப் போன சாப்பாடு இருக்கிறது.

புதிய சொற்கள்
எதிர்நீச்சல் – நீரோட்டத்துக்கு எதிராக நீந்துதல்
பூர்வகுடி மக்கள் – ஒரு நாட்டில் முதலிலிருந்தே வாழும் மக்கள்

பேசிப் பாருங்கள்
1. சால்மன் மீன் தன் ஆற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது?
2. எந்த வாசம் உங்களுக்கு உங்கள் வீட்டை நினைவுபடுத்தும்?